கண்ணாடியைத் துடைப்பதே நம் வேலை: அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வில் ‘ஒளி வீசுதல்’ என்றால் என்ன?

“உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது” என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும்போது, அதை எப்படிச் செய்வது என்று யாராவது கேட்டால் பலருக்குப் பதில் வராது. எப்போதும் சிரித்த முகமாக இருப்பதா? கைப்பிரதி கொடுப்பதா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினம் ஒரு வசனம் போடுவதா? புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் இதில் குழம்பி, கொஞ்ச நாள் முயன்று, களைத்து, “இதெல்லாம் ஊழியக்காரர்களுக்குத்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தக் கட்டுரை.

ஒளி யாருடையது?

இயேசு இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பேசுகிறார். யோவான் 8:12இல் “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்” என்கிறார். மத்தேயு 5:14இல் சீஷர்களைப் பார்த்து, “நீங்கள் உலகத்துக்கு வெளிச்சமாயிருக்கிறீர்கள்” என்கிறார். ஒளி அவரா, நாமா என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

நிலாவைப் பார்த்தால் இது விளங்கும். நிலாவின் தரை வெள்ளையானது அல்ல; பழைய தார்ச்சாலையைப் போன்ற கருஞ்சாம்பல் நிறம். தன்மேல் விழும் சூரிய வெளிச்சத்தில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. அந்தக் கொஞ்சமே பௌர்ணமி இரவில் வயல் வரப்பில் நடக்கப் போதுமானதாக இருக்கிறது. நிலா ஒளியை உண்டாக்குவதில்லை. சூரியனுக்கு எதிரே நிற்கிறது, அவ்வளவே. யோவான் ஸ்நானகனைப் பற்றி வேதம் சொல்வதும் இந்த ஒழுங்கில்தான்: “அவன் அந்த ஒளியல்ல” என்கிறது யோவான் 1:8, அதே யோவானை “எரிந்து பிரகாசிக்கிற விளக்கு” என்கிறார் இயேசு (5:35). ஒளி அவனுடையதல்ல, ஆனாலும் அவனிடத்தில் அது தெரிந்தது.

இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் களைப்பு போய்விடும். நல்லவர்களாகத் தோன்ற வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முயல்கிறவர்கள் சீக்கிரம் ஓய்ந்துபோகிறார்கள், ஏனென்றால் தங்களிடம் இல்லாத ஒன்றைத் தாங்களே உற்பத்தி செய்யப் பார்க்கிறார்கள். நம்மிடம் கேட்கப்படுவது வேறு: எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம், முகப்பு சுத்தமாக இருக்கிறதா என்பவைதான்.

மோசேயின் முகமும் கொரிந்துவின் கண்ணாடியும்

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் கர்த்தரோடு இருந்துவிட்டு, கற்பலகைகளோடு இறங்கி வருகிறார். அவருடைய முகம் பிரகாசிக்கிறது. ஆரோனும் ஜனங்களும் கிட்டே வரப் பயப்படுகிறார்கள். இதில் கவனிக்க வேண்டிய வரி, தன் முகம் பிரகாசிப்பதை மோசே அறியாதிருந்தார் என்பது. அவர் மலைக்குப் போனது முகம் பிரகாசிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. கர்த்தரோடு பேசப் போனார். பேசியதன் விளைவு முகத்தில் தங்கியது. அதை மற்றவர்கள்தான் முதலில் கண்டார்கள்.

இந்தச் சம்பவத்தையே பவுல் 2 கொரிந்தியர் 3இல் எடுத்துப் பேசுகிறார். மோசேயின் முகத்து மகிமை ஒழிந்துபோகிற மகிமை என்று சொல்லிவிட்டு, 18ஆம் வசனத்தில், நாம் திறந்த முகமாய்க் கர்த்தருடைய மகிமையைக் “கண்ணாடியிலே காண்கிறதுபோல” கண்டு, அந்தச் சாயலாகவே மறுரூபப்படுகிறோம் என்கிறார். அவர் இங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்குக் கண்ணாடியில் பார்ப்பது என்றும் பொருள் கொள்ளலாம், கண்ணாடியைப் போலப் பிரதிபலிப்பது என்றும் பொருள் கொள்ளலாம். மொழிபெயர்ப்புகள் இரு வழியும் போயிருக்கின்றன. எங்கள் பார்வையில் இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை. பார்க்கிறவரே பிரதிபலிக்கிறவராக மாறுகிறார் என்பதுதான் அந்த அதிகாரம் முழுவதும் ஓடும் கருத்து.

அக்காலத்துக் கண்ணாடி இன்றைய கண்ணாடியைப் போன்றது அல்ல. பெரும்பாலும் வெண்கலத் தகட்டைத் தேய்த்து மெருகேற்றியது. கொரிந்து வெண்கலப் பொருள்களுக்குப் பேர்போன ஊர், ஆகவே பவுலின் வாசகர்களுக்கு இந்த உவமை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெண்கலம் சும்மா வைத்தால் மங்கும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை இரண்டு வாரம் தொடாமல் வைத்தால் என்ன ஆகும், புளி போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது நமக்கும் தெரியும். யாரும் அழுக்கைப் பூச வேண்டியதில்லை, காற்றே போதும். ஆவிக்குரிய மங்கலும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. பெரிய பாவம் எதுவும் செய்திருக்க மாட்டோம். மூன்று வாரமாக வேதத்தைத் திறந்திருக்க மாட்டோம், அவ்வளவுதான்.

மரக்கால் என்ற சொல்

மத்தேயு 5:15இன் தமிழ்: “விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல், விளக்குத்தண்டின்மேல் வைப்பார்கள், அப்பொழுது அது வீட்டிலுள்ள யாவருக்கும் வெளிச்சம் கொடுக்கும்.” மூலத்தில் இருப்பது தானியம் அளக்கும் ஒரு பாத்திரம், ஏறக்குறைய எட்டேமுக்கால் லிட்டர் கொள்ளளவு. நெல்லும் பயறும் அளந்த நம் மரக்காலை அந்த இடத்தில் வைத்த மொழிபெயர்ப்பாளர்களை மெச்சத்தான் வேண்டும். இன்றைய பிள்ளைகள் மரக்காலைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய பக்கெட்டைக் கவிழ்த்து மூடுவது என்று சொல்லிக்கொடுங்கள்.

விளக்கை மூடிய பொருள் வியாபார அளவை என்பதில் ஒரு கூர்மை இருக்கிறது. பலருடைய விஷயத்தில் வெளிச்சத்தை மூடுவது துன்பமோ சோதனையோ அல்ல, பணம் கொடுக்கல் வாங்கல்தான். ஞாயிறன்று முன்வரிசையில் ஜெபிக்கிறவர் வாடகை அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால், குடித்தனக்காரர் காண்பது மரக்காலைத்தான். அதற்குள் விளக்கு எரிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

“வீட்டிலுள்ள யாவருக்கும்” என்ற சொற்களையும் விட்டுவிடக் கூடாது. கலிலேயாவின் எளிய வீடு பெரும்பாலும் ஒரே அறை. உள்ளங்கையில் அடங்கும் மண் அகலில் ஒலிவ எண்ணெய் ஊற்றி, சணல் நார்த் திரி போட்டு உயரத்தில் வைத்தால் அந்த அறை முழுக்கத் தெரியும். இயேசு சொன்ன விளக்கு முதலில் வெளிச்சம் கொடுப்பது தெருவுக்கு அல்ல, கூட இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. சபையில் இனிமையாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடமோ மருமகளிடமோ முகம் திருப்பிக்கொள்கிறவர் விளக்கைத் தண்டின்மேல் வைக்கவில்லை, வாசலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறார்.

கரி எங்கே பிடிக்கிறது?

அரிக்கேன் விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. மாலை ஆனதும் கண்ணாடிச் சிம்னியைக் கழற்றி, ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, சலித்த சாம்பலும் பழைய வேட்டித் துணியும் கொண்டு உட்புறம் துடைப்பார்கள். பிறகு திரியின் கருகிய நுனியை நேராக வெட்டுவார்கள், இரண்டு ஓரத்தையும் ஒரு துளி சாய்த்து. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் சுடர் கொம்பு போல எழும்பி, அந்தப் பக்கத்துக் கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்சம் போதவில்லையே என்று திரியை அளவுக்கு மீறி ஏற்றுகிறவர் இன்னும் பெரிய தவறு செய்கிறார்: முதலில் பளிச்சென்று தெரியும், ஐந்து நிமிடத்தில் புகை அடைந்து, முன்னைவிட இருட்டாகும்.

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கைப் பற்றிய கட்டளையிலும் இதே கவனிப்பு இருக்கிறது. யாத்திராகமம் 25இல், ஒரு தாலந்து (அக்காலத்துப் பெரிய எடை அளவு) பசும்பொன்னால் விளக்கைச் செய்யச் சொன்ன கர்த்தர், திரி வெட்டும் கத்தரிகளையும் கரிந்த துண்டுகளைப் போடும் சாம்பல் பாத்திரங்களையும்கூடப் பொன்னால் செய்யச் சொல்கிறார். கரியை அகற்றும் கருவிக்கும் பொன். மனந்திரும்புதலை ஒரு அவமானமாக, எப்போதாவது நடக்கும் விபத்தாக நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அது விளக்கு எரிவதற்கான தினசரிப் பராமரிப்பு. ஆரோன் காலைதோறும் விளக்குகளைச் சீர்படுத்தினார் (யாத்திராகமம் 30:7).

அப்படியானால் நம் சிம்னியில் கரி பிடிக்கும் இடங்கள் எவை? முதல் இடத்தைக் கேட்டால் பலர் ஆச்சரியப்படுவார்கள்: முறுமுறுப்பு. பிலிப்பியர் 2:14, 15இல் பவுல், உலகத்தில் சுடர்களைப்போலப் பிரகாசிப்பதற்கு முன்நிபந்தனையாக “முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும்” எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறார். அந்த நிருபத்தை அவர் எழுதியது காவலில் கட்டுண்டு இருந்தபோது. அலுவலகத்தில் மேலாளரைப் பற்றி, சபையில் போதகரைப் பற்றி, வீட்டில் சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் குறை சொல்கிறவரின் விசுவாசத்தைப் பிறர் விரும்பிக் கேட்க மாட்டார்கள். அநியாயத்தைத் தட்டிக்கேட்பது வேறு. அதற்குரிய ஆளிடம் நேரில் சொல்வது தர்க்கிப்பில் சேராது. முறுமுறுப்பு என்பது தீர்க்க முடியாதவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது.

அடுத்தது, யாரோடாவது பேசாமல் இருப்பது. ஒளியில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சகோதரனைப் பகைக்கிறவன் இன்னும் இருளில் இருக்கிறான் என்று 1 யோவான் 2:9 வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. சொத்துத் தகராறில் கூடப்பிறந்தவர்களோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. இதற்கு நடுவே எத்தனை உபவாச ஜெபம் வைத்தாலும் கண்ணாடி தெளியாது.

சின்னப் பொய்களும் கரிதான். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு “வந்துக்கிட்டே இருக்கேன்” என்பது. போகாத பயணத்துக்கு டிக்கெட் பில் வைப்பது. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது பிள்ளையிடம் “அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு” என்பது. இந்தக் கடைசிப் பொய்யை நாம் சொல்வதோடு, பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

ஒரு நாளில் இதை எப்படிச் செய்வது?

காலையில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதிகம் வேண்டாம், ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதத்தைப் போனில் வாசிக்கிறவர்கள் ஒரு அச்சுப் பிரதி வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஒரு செய்தி மணி அடித்தாலே அந்த நேரம் கலைந்துவிடும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரங்கள்தான், நாளுக்கு 10, 12 வசனம் வீதம் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடியும். ஒரே பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை என்ன நடக்கிறது என்று. இரண்டாம் முறை, இயேசு அந்த இடத்தில் யாரைப் பார்க்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று மட்டும். அவரைப் பிரதிபலிக்க வேண்டுமானால் அவரைப் பார்த்திருக்க வேண்டும். வாக்குத்தத்த வசனம் தேடி வேதத்தைப் புரட்டுகிறவருக்கு வசனம் கிடைக்கும், அவருடைய முகம் பழகாது.

எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். இன்று கட்டாயம் சந்திக்கப்போகிற, உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான ஆளாக இருந்தால் நல்லது. பெயர் சொல்லி ஜெபித்த ஆளிடம் அன்றைக்குக் குரல் உயர்த்துவது அவ்வளவு சுலபமல்ல.

பகலில் செய்ய வேண்டியதைப் பொதுவாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். ஆகவே பண விஷயத்தைக் குறிப்பாகச் சொல்கிறோம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளத் தேதி ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதியே கொடுங்கள். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்பது லேவியராகமம் 19:13. ஒருவரை ஏமாற்றியிருந்தால் என்ன செய்வது என்பதற்கும் வேதத்தில் கணக்கே இருக்கிறது: முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவரிடம் கொடுக்க வேண்டும் (லேவியராகமம் 6:5). 500 ரூபாய் என்றால் 600ஆகக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு இன்னும் மேலே போய், நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். காணிக்கைப் பெட்டியில் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் இயேசுவே.

மன்னிப்புக் கேட்பதிலும் முறை உண்டு. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: “நேற்று எல்லார் முன்னாலும் உங்களைக் கத்தினேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க.” இங்கே நிறுத்த வேண்டும். “ஆனா நீங்களும்...” என்று தொடர்ந்தால் கேட்ட மன்னிப்பு ரத்தாகிவிடும். “மனம் நொந்திருந்தால் மன்னிக்கவும்” என்பதும் வேலைக்காகாது, ஏனென்றால் அதில் குற்றம் நொந்துகொண்டவர் பக்கம் சாய்கிறது. நேரம்? சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26.

கொடுப்பதற்குப் பெரிய வருமானம் தேவையில்லை. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் நம் பக்கத்துச் சபைகளிலும் உண்டு. மிசோரம் சபைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெண்கள் இதை ஒவ்வொரு சமையலுக்கும் செய்து, அந்த அரிசியை விற்றே மிஷனரிப் பணியைத் தாங்கி வருகிறார்கள். ஏசாயா 58இன் ஒழுங்கும் இதுதான்: பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு, துரத்துண்ட சிறுமையானவனை வீட்டிலே சேர்த்துக்கொள்; அப்பொழுது விடியற்கால வெளுப்பைப்போல உன் வெளிச்சம் எழும்பும்.

இரவில் ஐந்து நிமிடம் போதும். இன்று யாரிடம் குரல் உயர்ந்தது? எந்த இடத்தில் உண்மையைக் குறைத்தேன்? கொடுக்க வேண்டியது எதையாவது தள்ளிப்போட்டேனா? யாரை நிமிர்ந்து பார்க்கத் தவிர்த்தேன்? இந்தக் கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் உண்மையை வெளியே கொண்டுவரும். தெரிந்ததை அறிக்கையிட்டுவிட்டுத் தூங்குங்கள். நம்மை நாமே இரவெல்லாம் குடைந்துகொண்டிருப்பது பரிசுத்தம் ஆகாது. பாவங்களை மன்னித்துச் சுத்திகரிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார் என்று 1 யோவான் 1:9 சொல்லும்போது அந்த வேலை அவருடையது.

காட்டுவதா, மறைப்பதா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம். மத்தேயு 5:16 நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதே என்கிறது. முரண்பாடா? 5:16ஐ முழுதாக வாசித்தால் விடை அதிலேயே இருக்கிறது: கண்டவர்கள் மகிமைப்படுத்துவது “பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை”. 6ஆம் அதிகாரத்து மாயக்காரர் தேடுவது தங்களுக்கான புகழ்ச்சி. செயல் ஒன்றுதான், வெளிச்சம் யார்மேல் விழுகிறது என்பது வேறு.

நடைமுறையில் ஒரு சோதனை: சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும்போது வாங்குகிறவரின் முகம் தெரியப் படம் எடுக்கிறீர்களா? எடுக்காதீர்கள். அந்தப் படத்தில் பசித்தவர் வெட்கப்பட்டு நிற்கிறார், கொடுத்தவர் கேமராவைப் பார்க்கிறார். கணக்குக் காட்ட வேண்டிய சபைப் பணியாக இருந்தால் பொட்டலங்களைப் படம் எடுங்கள், ரசீதை வையுங்கள், அது போதும்.

வெளிச்சத்தை எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். சங்கீதம் 119:105 வசனத்தைக் “கால்களுக்குத் தீபம்” என்கிறது. இருட்டு வழியில் கூட வருகிறவருக்கு டார்ச் அடித்துக் காட்ட வேண்டுமானால் அவருடைய பாதத்துக்கு முன்னால்தான் அடிப்போம். முகத்தில் அடித்தால் அவருக்குக் கண் கூசும், வழியும் தெரியாது. துக்க வீட்டில் போய்ப் பாவத்தைப் பற்றிப் பேசுவதும், வேலை இழந்தவரிடம் விசுவாசக் குறைவைப் பற்றி உபதேசம் செய்வதும் முகத்தில் அடித்த டார்ச்தான். சொன்ன வசனம் சரியாகவே இருக்கும், பிடித்த இடம் தவறு.

வெளிச்சம் தெரியாத நாட்களில்

இறப்பு, நீண்ட நோய், மனச்சோர்வு. இந்த நாட்களில் “பிரகாசிக்கக்கடவது” என்ற வசனமே பாரமாகிவிடும். கர்த்தருக்குப் பயந்து நடந்தும் வெளிச்சம் காணாமல் இருளில் நடக்கிறவர்கள் உண்டு என்று ஏசாயா 50:10 ஒத்துக்கொள்கிறது. அவர்களைக் கடிந்துகொள்ளாமல், கர்த்தருடைய நாமத்தை நம்பச் சொல்கிறது. அமாவாசையன்று நிலா நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அன்றைக்கும் அதன் ஒரு பாதிமேல் சூரிய வெளிச்சம் முழுமையாக விழுந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாதி நம் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் மேலே சொன்ன ஒழுங்கையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும். 88ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம். அது ஆறுதல் வார்த்தை ஏதும் இல்லாமலே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. வாசிக்கவும் முடியவில்லை என்றால் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டும். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் போங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கூட இருக்கிறவர்கள், “ஏன் இப்படி முகம் வாடியிருக்கீங்க, சாட்சி என்ன ஆகும்?” என்று கேட்காதிருங்கள். அவருக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோங்கள், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். மங்கியெரிகிற திரியை அணைக்காதவர் என்று இயேசுவைப் பற்றி எழுதியிருக்கிறது (மத்தேயு 12:20). அந்தத் திரிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் வேகமாக மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.